தரையில் தொடங்கும் விபத்து

2012 மே மாதம் மாநிலங்களவையில் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி அளித்த ஒரு பதில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. 1971–72 முதல் 2012 ஏப்ரல் 19 வரை விபத்துகளில் இந்திய விமானப்படை இழந்த மிக் ரக விமானங்கள் 482. அவற்றில் உயிரிழந்த விமானிகள் 171 பேர். அவர்களோடு பொதுமக்கள் 39 பேர், படைப் பணியாளர்கள் 8 பேர், விமானக் குழுவைச் சேர்ந்த ஒருவர். எதிரியின் குண்டுக்கு இரையானவர்களின் கணக்கு அல்ல இது. பயிற்சிக்காகவும் அன்றாடப் பணிக்காகவும் புறப்பட்டுத் திரும்பாதவர்களின் கணக்கு. ஏன் விழுந்தன என்பதற்கு அரசு சொன்ன காரணங்கள் இரண்டே: மனிதப் பிழை, தொழில்நுட்பக் கோளாறு.

மும்பை தேவ்நாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. தொழிலாளர் வாழ்வைப் பற்றிப் பல தலைமுறையாக ஆய்வு நடக்கும் இடம். அங்கே பணியிட விபத்துகளை ஆராய்பவன் நான் என்பதால், நாடாளுமன்றப் பதில்களும் தணிக்கை அறிக்கைகளும்தான் என் அன்றாட வாசிப்பு. ஆலை விபத்தானாலும் கழிவுநீர்த் தொட்டி மரணமானாலும், முதல் அறிக்கையில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: தொழிலாளியின் கவனக்குறைவு. பழைய தாள்களைத் தேடிப் போனால் அந்த வரிக்குப் பின்னால் வேறு கதை வெளிவரும். பழுதான எந்திரம், கொடுக்காத பயிற்சி, கிடப்பில் போட்ட பரிந்துரை. அந்தோணியின் பதிலைப் படித்தபோது இங்கும் அதே வழியில் தேடலாம் என்று தோன்றியது. போர் விமானியும் ஒரு பணியிடத்தில் வேலை செய்பவர்தான். அவர் இறந்தால், காரணம் என்ற கட்டத்தில் எழுதப்படுவதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?

காணாமல் போன படி

முதலில் ஒருவர் எப்படிப் போர் விமானி ஆகிறார் என்பதைப் படிப்படியாக எழுதி வைத்துக்கொண்டேன். விபத்து எந்தப் படியில் நிகழ்கிறது என்று பார்க்க அது தேவைப்பட்டது.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் தேர்வெழுதிப் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேரலாம். பட்டதாரிகளுக்கு சிடிஎஸ், ஏஎஃப்கேட் தேர்வுகளும் என்சிசி வழியும் உண்டு. பிறகு பல நாள் நேர்காணல். அதோடு விமானம் ஓட்டும் இயல்பு கைக்கும் கண்ணுக்கும் இருக்கிறதா என்று சோதிக்கும் தேர்வு ஒன்று. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதை எழுத முடியும். மருத்துவச் சோதனையில் உயரம் குறைந்தது 162.5 செ.மீ. இருக்க வேண்டும். தொடையின் நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டாவது விதி பலருக்கு விநோதமாகப் படும். ஆபத்து நேரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது, நீளமான தொடை உள்ளவரின் முழங்கால் முன்னால் உள்ள கருவிப் பலகையில் மோதி நொறுங்கிவிடும். வேலைக்கு ஆள் எடுக்கும் விதியிலேயே விபத்து அளந்து வைக்கப்பட்டிருக்கிறது.

தேர்வானவர்கள் ஹைதராபாத் அருகே துண்டிகல் அகாதெமியில் சிறு விமானத்தில் பறக்கக் கற்கிறார்கள். அங்கே போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று மூன்றாகப் பிரிக்கப்படுகிறார்கள். போர் விமானப் பிரிவுக்குப் போனவர்கள் இன்று கர்நாடகத்தின் பீதரில் ஹாக் என்ற உயர்நிலைப் பயிற்சி ஜெட்டில் தேறிய பிறகே படைப்பிரிவுக்குப் போகிறார்கள். 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றதும் துண்டிகலில்தான்.

இந்தப் படிகளில் ஹாக் என்ற படிதான் என்னை நிறுத்தியது. அது சேர்ந்தது 2008 பிப்ரவரியில். அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?

தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினால் 1982ல் போய் நிற்கிறது. அந்த ஆண்டு ஏர் மார்ஷல் டெனிஸ் லா ஃபோன்டேன் தலைமையிலான குழு விமானப்படை விபத்துகளை ஆராய்ந்தது. மெதுவான பயிற்சி ஜெட்டிலிருந்து ஒலியைவிட வேகமான மிக்-21க்கு இளைஞர்கள் நேராகத் தாவுகிறார்கள், நடுவே ஒரு உயர்நிலைப் பயிற்சி விமானம் வேண்டும் என்று அது எழுதிவைத்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் தஞ்சை மாவட்டம் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். பின்னாளில் குடியரசுத் தலைவராகி முப்படைகளுக்கும் தலைமை தாங்கியவர்.

பரிந்துரை அதன்பின் சுற்றிய சுற்று நீண்டது. பிரிட்டனின் ஹாக்கா, பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த ஆல்ஃபா ஜெட்டா என்ற ஒப்பீடு வந்தது. 1991ன் பொருளாதார நெருக்கடி வந்தது. விலைப்பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதற்கிடையே அசாமின் தேஜ்பூரில் ஒரு பயிற்சிப் பிரிவு அமைத்து, மிக்-21ஐ வைத்தே மிக்-21க்குப் பழக்கினார்கள். தணிக்கைத் துறை அந்தக் காலத்தின் கணக்கைப் பதிந்திருக்கிறது: 1991 முதல் 1997 வரையான ஆறு ஆண்டுகளில் விமானப்படையில் 187 விபத்துகள். அழிந்த விமானங்கள் 147. இறந்த விமானிகள் 63 பேர்.

1997ல் மறுபடி ஒரு குழு. தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இளம் வயதில் கலாமின் ஆசை போர் விமானி ஆவதுதான். டேராடூன் தேர்வில் எட்டு இடங்களுக்கு இருபத்தைந்து பேர் போட்டியிட, அவர் ஒன்பதாவதாக வந்து திரும்பினார். அந்த ஒன்பதாவது ஆள், நாற்பதாண்டு கழித்து, உள்ளே போனவர்கள் ஏன் சாகிறார்கள் என்று ஆராயும் நாற்காலியில் உட்கார்ந்தார். பயிற்சியில் விடுபட்ட படியை அவருடைய குழுவும் சுட்டிக்காட்டியது.

66 ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004 மார்ச்சில். அப்போது கலாம் குடியரசுத் தலைவர். முதல் பரிந்துரை எழுதப்பட்ட ஆண்டுக்கும் பீதரில் ஹாக் சேர்ந்த ஆண்டுக்கும் இடையே 26 ஆண்டுகள். லா ஃபோன்டேன் குழு கூடியபோது தொட்டிலில் இருந்த குழந்தை, அந்தப் படி இல்லாமலேயே மிக்-21ல் ஏறும் வயதை எட்டியிருக்கும்.

ஒரு பறத்தல் ஏடு

அரசுத் தாளில் இந்தத் தாவல் ஒரு வாக்கியம். ஓட்டியவர் ஏட்டில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. செம்பூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் விமானி ஒருவர் தம் பறத்தல் ஏட்டைக் காட்டச் சம்மதித்தார். ஒவ்வொரு விமானியும் பணிக்காலம் முழுக்கத் தன் கையால் எழுதிவரும் புத்தகம் அது: தேதி, விமானத்தின் வகை, எண், கூட ஓட்டியவர், செய்த பயிற்சி, பறந்த நேரம். இரவுப் பறத்தல் மட்டும் சிவப்பு மையில்.

பக்கம் பக்கமாகக் கிரண் என்ற பயிற்சி ஜெட்டின் பெயர் வருகிறது. ஆசிரியரோடு, பிறகு தனியாக. பிறகு ஒரு பக்கத்தில் கோடு கிழித்து, அடுத்த பக்கத்தில் "டைப் 77". மிக்-21ன் ஒரு ரகத்துக்குப் படையில் வழங்கிய பெயர் அது. முதல் சில வரிகளில் ஆசிரியர் பெயர் கூட வருகிறது. அதன்பின் அந்தக் கட்டம் காலி.

"கிரண் தப்பு பண்ணினா மன்னிக்கும் தம்பி," என்றார். "எழுபத்தேழு மன்னிக்காது. இறங்கும்போதே மணிக்கு முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர். வேகம் கொஞ்சம் குறைஞ்சா கல்லு மாதிரி கீழே போகும். கிரண்ல யோசிக்க நேரம் இருக்கும். இதுல யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஓடுபாதை வந்துடும்."

"இரட்டை இருக்கை மிக் இருந்ததே, சார்?"

"இருந்தது. பின்னால உக்கார்ற ஆசிரியருக்கு முன்னால ஒண்ணும் தெரியாது. இறங்கறப்ப பெரிஸ்கோப்பைத் தூக்கி அது வழியா பார்ப்பார். அதுல கத்துக்கலாம். ஆனா அதுவும் அதே முரட்டுக் குதிரைதானே? நடுவுல ஒரு படி வேணும்னுதான் எல்லா கமிட்டியும் எழுதினாங்க. எங்களுக்கு அது கிடைக்கல."

அவர் சொன்னதும் 1982 அறிக்கை சொன்னதும் ஒன்றே. இரண்டும் எழுதப்பட்ட இடம்தான் வேறு. இப்படி ஓர் ஏட்டின் சொந்தக்காரர் இறங்கும்போது வேகத்தைக் குறைத்துவிட்டால், விசாரணை அறிக்கையில் அது மனிதப் பிழை. அவர் கை செய்த பிழை அது என்பது உண்மைதான். அந்தக் கைக்குப் பழக்கம் கொடுக்கவேண்டிய விமானம் வாங்கப்படவில்லை என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஜெர்மனி படித்த பாடம்

இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததா என்று பார்க்க மேற்கு ஜெர்மனியின் கதையை எடுத்தேன். 1960களில் அந்நாடு அமெரிக்காவின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் விமானங்களை வாங்கியது. மொத்தம் 916. பணிக்காலத்தில் விழுந்தவை 292. இறந்த விமானிகள் 116 பேர். ஜெர்மானியர்கள் அதற்கு விதவையாக்கி என்றே பெயர் வைத்தார்கள்.

அங்கும் தொடக்கத்தில் குற்றம் ஓட்டியவர் மேல்தான் விழுந்தது. பிறகு பார்த்தால், விமானிகள் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், மேகமே இல்லாத வானத்தில் பழகியிருந்தார்கள். ஊர் திரும்பியதும் மழையும் மூட்டமும் மூடிய ஐரோப்பிய வானத்தில் அதே விமானத்தை ஓட்டச் சொன்னார்கள். 1966ல் விமானப்படைத் தலைவர் வெர்னர் பனிட்ஸ்கி, இந்த விமானத்தை வாங்கியது அரசியல் முடிவு என்று வெளிப்படையாகச் சொன்னதால் பதவி இழந்தார். அவருக்குப் பின் வந்தவர் யோஹனெஸ் ஸ்டைன்ஹாஃப். இரண்டாம் உலகப்போரின் கடைசி நாள்களில் விமானம் எரிந்து முகம் முழுவதும் தீக்காயம் பட்டவர். பயிற்சியை மாற்றினார், பராமரிப்பை இறுக்கினார், வெளியேற்றும் இருக்கைகளை மாற்றி பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் இருக்கைகளைப் பொருத்தவைத்தார். விபத்துகள் குறைந்தன. விமானம் அதே விமானம். ஓட்டியவர்களும் அதே நாட்டு இளைஞர்கள். தரையில் இருந்தவர்கள் எடுத்த முடிவுகள் மாறியபோது வானத்தில் கணக்கு மாறியது.

தன் கோப்பைத் தானே தேடியவர்

அடுத்த தடயம் தில்லி உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது. 2005 ஜனவரியில் ராஜஸ்தானில் ஒரு மிக்-21 தீப்பிடித்தது. ஓட்டியவர் சஞ்சீத் சிங் கைலா. இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார். ஆனால் அதன்பின் போர் விமானம் ஓட்ட உடல் இடம் தரவில்லை. இருக்கையோடு வெளியேறுவது என்றால் என்ன என்று விமான மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும்: ராக்கெட் விசை உடலின் எடையைப் பத்து மடங்குக்கு மேல் ஆக்கி முதுகெலும்பில் இறக்கும். முள்ளெலும்பு நசுங்குவது அதில் வழக்கமாக நேர்கிற காயம். உயிரைக் காக்கும் இருக்கையே வேலையைப் பறித்துவிடுவதும் உண்டு.

கைலா தம் விபத்தின் காரணத்தைத் தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தினார். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் வேலைத்தரக் குறைதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் பதிவாகியிருந்தது. படையில் இருந்துகொண்டே 2013ல் வழக்குப் போட்டார். பாதுகாப்பான பணியிடம் என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி, சீருடை அணிந்தவருக்கும் அது உண்டு என்பது அவர் வாதம். 2017 மே மாதம் நீதிமன்றம் ரூ.55 லட்சம் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதில் 50 லட்சத்தை நிறுவனமும் 5 லட்சத்தை மத்திய அரசும் கொடுக்க வேண்டும்.

பணியிட விபத்தை ஆராய்பவனுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய தாள். போரின் ஆபத்தை ஏற்றுத்தான் விமானி சேர்கிறார். சரியாகச் செய்யப்படாத ஒரு பாகத்தின் ஆபத்தை ஏற்று அவர் கையெழுத்துப் போடவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைக் கேட்க ஒருவர் உயிரோடு திரும்பியிருந்தார். திரும்பாத 171 பேர் சார்பில் கேட்பது யார்? 2001 செப்டம்பரில் ராஜஸ்தானின் சூரத்கரில் இரவுப் பறத்தலின்போது இறந்த ஃபிளைட் லெப்டினன்ட் அபிஜித் காட்கிலுக்காக அவர் பெற்றோர் கேட்டார்கள். பழி மகன் மேல் விழுந்ததை ஏற்காமல், அவர் பெயரில் விமானப் பாதுகாப்புக்கான அறக்கட்டளை தொடங்கிப் பல ஆண்டு போராடினார்கள். தந்தை அனில் காட்கிலும் விமானப்படையில் விங் கமாண்டராக இருந்தவர் என்பதால், தொழில் தெரிந்த கேள்விகளை அவர்களால் கேட்க முடிந்தது. அந்த வசதி எல்லாக் குடும்பத்துக்கும் கிடையாது.

தேவ்நாரின் பருந்துகள்

விபத்துக் காரணங்களின் பட்டியலில் பறவை மோதல் என்று ஒன்று வரும். முதலில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அது மனிதர் கையில் இல்லாதது, இயற்கையின் பங்கு என்று தோன்றும். மும்பையின் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் செய்த ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றிவிடும். பறவையியலாளர் ஸாலிம் அலியும் ராபர்ட் க்ரப்பும் 1980களில் இந்திய விமானதளங்களில் பறவைகளால் வரும் ஆபத்தை ஆராய்ந்தார்கள். கேட்டது பாதுகாப்புத் துறையின் கீழ் உள்ள வானூர்தி ஆராய்ச்சி வாரியம். ஓடுபாதைக்குப் பக்கத்தில் பாறு கழுகும் பருந்தும் ஏன் வட்டமிடுகின்றன என்று பார்த்தால், சுற்றுப்புறத்தில் செத்த மாடு கிடக்கிறது, அறுப்புக் கழிவு கொட்டப்படுகிறது, குப்பை அள்ளப்படவில்லை. பறவையைச் சுடுவதில் பயனில்லை, அதன் சோற்றை அப்புறப்படுத்து என்பதே அந்த ஆய்வு காட்டிய வழி.

இதைப் படிக்க தேவ்நாரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1927 முதல் இந்த ஊரின் குப்பைமேடு மும்பையின் கழிவைத் தாங்குகிறது; மும்பையின் முதல் விமானதளமான ஜுஹு தொடங்கியதே அதற்கடுத்த ஆண்டுதான். 1971ல் மாநகராட்சியின் இறைச்சிக்கூடமும் இங்கே வந்தது. காலை வெயில் ஏறித் தரை சூடானதும், மேட்டின் மேல் எழும் வெப்பக் காற்றில் கரும்பருந்துகள் சிறகடிக்காமலேயே சுற்றிச் சுற்றி உயரும். கோவண்டி ரயில் நிலையத்தில் நின்றாலே பார்க்கலாம். ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குள் இருக்கும்.

அந்த எடையின் பொருள் வேகத்தோடு சேரும்போதுதான் தெரியும். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் தாழப் பறக்கும் ஜெட்டின் மேல் 700 கிராம் பருந்து மோதினால் வரும் ஆற்றல், 50 கிலோ அரிசி மூட்டை நான்கு மாடி உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்குச் சமம். அது கண்ணாடியில் படலாம், எஞ்சினுக்குள் போகலாம். மிக்-21க்கு எஞ்சின் ஒன்றே. காற்றை உள்ளிழுக்கும் வாய் மூக்கு நுனியில். உள்ளே போன பறவை சுழலும் தகடுகளை உடைத்தால் மாற்று எஞ்சின் கிடையாது. தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் இருப்பவர் வெளியேற்றும் பிடியை இழுப்பதா விடுவதா என்று முடிவெடுக்க நொடிக் கணக்கில்தான் நேரம்.

இரண்டு எஞ்சின் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2019 ஜூன் 27 அன்று ஹரியாணாவின் அம்பாலாவில் பார்த்தோம். புறப்பட்ட ஜாகுவார் விமானத்தின் எஞ்சினில் பறவைகள் புகுந்தன. விமானி உடனே வெளி எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு எடையைக் குறைத்தார். மீதி எஞ்சினில் சுற்றி வந்து ஓடுபாதையில் இறக்கினார். அந்தக் காட்சியைப் படம்பிடித்து விமானப்படையே வெளியிட்டது. விமானியின் திறமையைப் பலரும் பாராட்டினார்கள். அந்தப் பறவைகளுக்குத் தீனி போட்டது எது என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1937ன் விமான விதிகளில் 91ஆம் விதி, விமானதளத்திலிருந்து 10 கி.மீ. ஆரத்துக்குள் விலங்கை அறுக்கவோ தோலுரிக்கவோ பாறு போன்ற பறவைகளை ஈர்க்கும் குப்பையைக் கொட்டவோ கூடாது என்கிறது. இறைச்சிக்கடை, மீன்கடைக் கழிவுகளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வரைபடத்தில் மும்பை விமான நிலையத்தை மையமாக வைத்து 10 கி.மீ. வட்டம் போட்டால் தேவ்நார் குப்பைமேடு அதற்குள் விழுகிறது. புனே லோகேகாவ் தளத்தில் சுகோய்-30 போர் விமானமும் பயணிகள் விமானமும் ஒரே ஓடுபாதையில் ஏறி இறங்குகின்றன. ஊர் வளர வளர அதன் குப்பையும் ஓடுபாதையை நோக்கியே வளரும்.

இன்னொரு திருப்பமும் தாள்களில் இருக்கிறது. விதியில் பெயர் சொல்லப்பட்ட பாறு கழுகு இன்று வானத்தில் அரிது. 1990களில் தொடங்கி வெண்முதுகுப் பாறுகள் நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் வலிமருந்தே காரணம் என்று 2004ல் தெரிந்தது. 2006ல் கால்நடைக்கு அது தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று மாயார் பள்ளத்தாக்கு போன்ற சில இடங்களில்தான் அவை எஞ்சியிருக்கின்றன. செத்த மாட்டை ஒரு மணி நேரத்தில் எலும்பாக்கிய கூட்டம் போனபின், அந்தச் சோறு பருந்துக்கும் காக்கைக்கும் தெருநாய்க்கும் போனது. பறவை மாறியது, தரையில் கிடக்கும் கழிவு மாறவில்லை.

தேவ்நார் மேட்டில் குப்பை பொறுக்கிப் பிரிக்கும் பெண்களின் கை இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. வீட்டிலேயே ஈரக்கழிவு பிரிக்கப்பட்டால், அறுப்புக் கழிவு மூடிய வண்டியில் போய் உரிய ஆலையில் உருக்கப்பட்டால், பருந்துக்கு வரக் காரணமில்லை. அவர்கள் வேலையைப் பாதுகாப்பானதாக்கும் அதே ஏற்பாடுகள் ஒரு விமானியின் பணியிடத்தையும் பாதுகாக்கின்றன.

திறக்கவேண்டிய கோப்புகள்

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் திடீரென மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வு இழந்தார் என்று விசாரணையின் சுருக்கம் சொன்னது. 2024 டிசம்பரில் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு வெளியிட்ட அறிக்கையில் இதே விபத்தின் காரணம் சுருங்கிப்போய் நிற்கிறது: மனிதப் பிழை, விமானக் குழு. 2017 முதல் 2022 வரையான காலத்துக்கு அது பட்டியலிட்ட 34 விபத்துகளில் 19க்கு அதே முத்திரை.

திசையுணர்வு இழப்பது மனத்தளர்ச்சியோ அலட்சியமோ அல்ல. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, வெளியே பார்வைக்கு ஒரு பிடிப்பு இல்லாதபோது பொய் சொல்லும்; விமானம் சாய்ந்து திரும்பும்போது நேராகப் போவதாக உடல் உணரும். பெங்களூரில் உள்ள விமான மருத்துவக் கழகம் விமானிகளுக்கு இதைச் சுழலும் கருவியில் உட்காரவைத்துக் காட்டுகிறது. அந்தப் பயிற்சி ஒவ்வொருவருக்கும் எத்தனை தடவை கிடைத்தது, அன்று வானிலைத் தகவல் எப்போது வந்தது, போகவேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்பவையும் காரணங்களே.

அமெரிக்க விமானப்படை தன் விபத்து விசாரணை அறிக்கைகளைப் பொதுமக்கள் படிக்க வெளியிடுகிறது. பிரிட்டனும் ராணுவ விபத்து விசாரணைகளை இணையத்தில் வைக்கிறது. போர் ரகசியங்களைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கிறார்கள். இங்கே முழு அறிக்கை பூட்டிய அலமாரியில் இருக்கிறது. வெளியே வருவது ஒரு சொல் மட்டும். நம் பயணிகள் விமான விபத்துகளுக்கு அறிக்கை வெளியாகிறது. போர் விமானத்துக்கும் அதே முறை வர வேண்டும். மனிதப் பிழை என்று எழுதினால், அந்த மனிதருக்குக் கிடைத்த பயிற்சி மணிகள், விமானத்தின் வயது, பராமரிப்புப் பதிவு, முந்தைய குழுக்களின் பரிந்துரைகளில் நிறைவேறாதவை ஆகியவற்றையும் அதன் கீழே எழுத வேண்டும்.

இப்படிக் கேட்பது இந்த வேலையிலிருந்து இளைஞர்களை விலக்குவதற்காக அல்ல. செம்பூர், மாட்டுங்காவிலிருந்தும் தாம்பரம், சூலூரிலிருந்தும் பிள்ளைகள் இந்தத் தேர்வுகளை எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள், எழுதட்டும். படைப்பிரிவில் தேறியவர்கள் பிறகு தாம்பரம் பள்ளியில் பயிற்சி பெற்று ஆசிரியராகலாம். பெங்களூரில் சோதனை விமானியாகலாம். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் சோதனை விமானியாக இருந்து ககன்யான் விண்வெளி வீரர் குழுவுக்குத் தேர்வானார். 14 ஆண்டு குறுகிய பணி முடித்துப் பயணிகள் விமானத்துக்கு மாறுவோரும் உண்டு. 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 வீழ்த்தப்பட்டுச் சிறைபிடிக்கப்பட்டுத் திரும்பிய அபிநந்தன் வர்தமான் மறுபடி விமானம் ஓட்டினார்.

கேள்வி கேட்டால் கணக்கு மாறும் என்பதற்கு அதே நிலைக்குழு அறிக்கையில் சான்று இருக்கிறது. பத்தாயிரம் பறத்தல் மணிக்கு 2000–05ல் 0.93 ஆக இருந்த விபத்து வீதம் 2017–22ல் 0.27 ஆகக் குறைந்தது. நடுவே ஹாக் வந்தது. 17 விபத்துகளில் 19 விமானிகளைப் பலிகொண்ட எச்பிடி-32 பயிற்சி விமானம் 2009ல் நிறுத்தப்பட்டு, பின்னர் பிலாட்டஸ் வந்தது. பழைய மிக்-21 ரகங்கள் ஒவ்வொன்றாக விலகி, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21ம் விடைபெற்றது. இவற்றில் ஒவ்வொன்றும் தரையில், மேசையில் எடுத்த முடிவு. 1982ல் எழுதியதை 1985லேயே செய்திருந்தால் யார் யார் இன்று பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பார்கள் என்பதை அந்தக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அதே 2025ன் நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் போர் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். அவருக்கான விசாரணை அறிக்கையை முழுமையாகப் படிக்கக் கொடுப்பதிலிருந்து இந்தப் புதிய முறையைத் தொடங்கலாம்.